கார்லோவி வாரி: ஊற்றுநீர் நகரத்துக்குச் செல்லத் திட்டமிடுவது எப்படி?

செக் குடியரசின் மேற்குப் பகுதியில், தலைநகர் பிராகிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தொலைவில், தெப்லா என்னும் சிற்றாற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் ஊர் கார்லோவி வாரி. பிராகுக்குச் சுற்றுலா செல்வோரில் பலர் காலையில் பேருந்தேறி, நண்பகலில் இவ்வூரை அடைந்து, நான்கு மணி நேரம் படமெடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்துச் சென்றவர்களின் நினைவில் இது அழகிய முகப்புகள் கொண்ட ஒரு கடைத்தெருவாக மட்டுமே தங்கும். ஏனெனில் இந்த ஊர் கண்ணால் பார்ப்பதற்காக மட்டும் கட்டப்பட்டதன்று; விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஊற்றுநீரைச் சிறிது சிறிதாகக் குடிப்பதற்கும், குடித்துக்கொண்டே நடப்பதற்கும், பிற்பகலில் காட்டுப் பாதைகளில் உலவுவதற்குமாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. எனவே பயணத் திட்டத்தின் முதல் முடிவு எத்தனை இரவு தங்குவது என்பதுதான். குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. மூன்று இரவுகள் தங்கினால் ஊற்றுகளின் மேல் ஆவி எழும் முழுமையான இரண்டு காலைப்பொழுதுகளாவது உங்களுக்குக் கிடைக்கும்.

புறப்படுவதற்கு முன் அறிய வேண்டியவை

ஊரின் வரலாற்றைச் சிறிதளவேனும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. தெரியாவிட்டால் அங்குள்ள கட்டடங்கள் பேசாது. இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொகீமியாவின் அரசரும் புனித ரோமப் பேரரசருமான நான்காம் சார்லஸ் 14ஆம் நூற்றாண்டில் இங்கே வேட்டையாடியபோது, மானைத் துரத்திச் சென்ற வேட்டை நாயொன்று வெந்நீர் ஊற்றில் விழுந்து அலறியதாகவும், அதைக் கேட்டு ஊற்று கண்டறியப்பட்டதாகவும் மரபுக் கதை கூறுகிறது. 1370இல் அவர் இந்த ஊருக்கு நகர உரிமைகளை வழங்கியது வரலாறு. 'கார்லோவி' என்பது 'சார்லசுடைய' என்றும், 'வாரி' என்பது கொதிக்கும் ஊற்றுகள் என்றும் பொருள்படும். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் கார்ல்ஸ்பாத். பழைய நூல்களிலும் வரைபடங்களிலும் அந்தப் பெயரே மிகுதியாகக் காணப்படும். 1945க்கு முன்பு இங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1938இல் நாஜி ஜெர்மனி இப்பகுதியை இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் இங்கிருந்த யூதத் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. போர் முடிந்தபின் ஜெர்மன் மொழி பேசியோர் வெளியேற்றப்பட்டனர். முகப்புகளின் அழகை வியந்து நிற்கும்போது, அவற்றைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அங்கில்லை என்பதையும் நினைவில் கொள்வது அவ்வூருக்குச் செய்யும் மரியாதை.

தொடக்க நூற்றாண்டுகளில் இங்கே மருத்துவம் என்றால் குளியல்தான். நோயாளிகள் பல மணி நேரம் வெந்நீரில் ஊறிக் கிடந்தார்கள். தோல் வெடித்துப் புண்ணானால் அதன் வழியே நோய் வெளியேறும் என நம்பப்பட்டது. 1522இல் வாட்ஸ்லாவ் பையர் என்ற மருத்துவர் கார்ல்ஸ்பாத் சிகிச்சையைப் பற்றிய முதல் நூலை வெளியிட்டு, குளிப்பதோடு இந்நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதற்குப்பின் வழக்கம் மறுகோடிக்குச் சென்றது. ஒரே நாளில் அளவுக்கு மீறிய குவளைகளைக் குடிக்கும் முறை பரவியது. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்னும் மருத்துவர்தான் அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தார். அளவைக் குறைத்து, அறைக்குள் எடுத்துச் சென்று குடிக்காமல் ஊற்றடியிலேயே குடிக்க வேண்டும், குடிப்பதற்கு இடையே நடக்க வேண்டும் என்று அவர் வகுத்த முறையே இன்றளவும் தொடர்கிறது. மழையிலும் வெயிலிலும் நடப்பதற்குக் கூரை தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதாம் இவ்வூரின் புகழ்பெற்ற தூண் மண்டபங்கள். செக் மொழியில் அவற்றைக் 'கொலொனாடா' என்கிறார்கள்.

2021இல் யுனெஸ்கோ ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு ஊர்களை 'ஐரோப்பாவின் மாபெரும் ஸ்பா நகரங்கள்' என்ற ஒரே தலைப்பில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன் பாடன், பிரான்சின் விஷி, பெல்ஜியத்தின் ஸ்பா ஆகியவற்றோடு கார்லோவி வாரியும் அதன் அண்டை ஊர்களான மரியான்ஸ்கே லாஸ்னியும் ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னியும் அப்பட்டியலில் உள்ளன. இவற்றுள் முதல்முறை செல்வோருக்கு நான் கார்லோவி வாரியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளியது: இங்கே ஊற்றுகள் தெருவிலேயே, கட்டணமின்றி, எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. கையில் ஒரு குவளை இருந்தால் போதும்.

எப்போது செல்வது, எப்படிச் செல்வது

மே மாதத் தொடக்கத்தில் ஊற்றுகளை ஆசீர்வதிக்கும் சடங்கோடு ஸ்பா பருவம் தொடங்குகிறது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நடப்பதற்கு மிக இதமானவை. ஜூலைத் தொடக்கத்தில், 1946இல் ஆரம்பிக்கப்பட்ட பன்னாட்டுத் திரைப்பட விழா நடைபெறும். படம் பார்ப்பதற்கென்றே செல்வோர் தவிர மற்றவர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம், ஏனெனில் அப்போது அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் வாடகை மிகுதி. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும். ஆயினும் பனி மூடிய தெருவில் ஊற்றுகளிலிருந்து எழும் ஆவி அந்தப் பருவத்துக்கே உரிய காட்சி. குளிரைத் தாங்கும் உடையும் வழுக்காத காலணியும் உள்ளவர்கள் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி என்றாலும், கோடைக்காலத்தில் நேர்காணலுக்கான முன்பதிவே எளிதில் கிடைக்காது என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அதில் வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். பல நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களில் விமானம் மாறிப் பிராகை அடையலாம். பிராகிலிருந்து கார்லோவி வாரிக்கு ரயிலைவிடப் பேருந்தே சிறந்தது. ஃப்ளோரன்ஸ் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்து இரண்டேகால் மணி நேர அளவில் சென்று சேரும். ரயிலோ வடக்கே சுற்றிச் செல்வதால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். ஜெர்மனிப் பக்கமிருந்து வருவோர் நியூரம்பெர்க்கிலிருந்து எல்லை நகரான ஹெப் வந்து, அங்கே ரயில் மாறலாம். ஊரின் முதன்மை ரயில் நிலையம் ஒஹ்ர்ஷே ஆற்றுக்கு அப்பால், மேட்டில் இருக்கிறது. பெட்டிகளோடு வருவோர் அங்கிருந்து நகரப் பேருந்து பிடிப்பதே நல்லது.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அன்று, கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை நாணய மாற்றுக் கடைகளில் எண்ணிப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். விகிதம் மோசமென்று பின்னர் உணர்ந்தால், 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் இரத்து செய்யும் உரிமையைச் செக் சட்டம் உங்களுக்கு அளிக்கிறது. அதற்கு ரசீது வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம்

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விடுதியைத் தேர்ந்தெடுப்பது எளிது. தெப்லா ஆறு தெற்கிலிருந்து வடக்காக ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் ஓடி ஒஹ்ர்ஷேயில் கலக்கிறது. ஆறு கலக்கும் வடபகுதியில் பேருந்து நிலையம், கடைகள், உள்ளூர் மக்களின் அன்றாட வாழ்க்கை. தெற்கே செல்லச் செல்ல ஊற்றுகளும் மண்டபங்களும். அதற்கும் தெற்கே பெரிய விடுதிகள். ஆற்றங்கரை ஓரம் பெரும்பாலும் சமதளம். அதிலிருந்து விலகி எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்குத்தான ஏற்றம். வயதான பெற்றோருடன் செல்பவர்கள் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து மலைச்சரிவில் அறை எடுத்துவிடக் கூடாது. 300 மீட்டர் என்று தெரிவது 300 மீட்டர் ஏற்றமான படிக்கட்டாக இருக்கலாம். ஸ்பா பகுதிக்குள் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், வண்டி எதுவரை வரும் என்பதையும் விடுதியிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

விடுதிகள் இரண்டு வகையாக அறை தருகின்றன. ஒன்று, காலை உணவோடு கூடிய வழக்கமான அறை. மற்றொன்று, மருத்துவர் பரிசோதனை, சிகிச்சைகள், மூன்று வேளை உணவு ஆகிய அனைத்தும் அடங்கிய தொகுப்பு. மூன்று நான்கு நாள் செல்வோருக்கு முதல் வகையே போதும். சிகிச்சை வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். முறையான சிகிச்சைக்காகச் செல்பவர்கள் மட்டுமே இரண்டாம் வகையை எடுக்க வேண்டும். மரபான சிகிச்சைக் காலம் மூன்று வாரம். முன்பதிவு செய்யும்போது, எத்தனை சிகிச்சைகள் அடக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் சிகிச்சை உண்டா, மருத்துவர் ஆங்கிலம் பேசுவாரா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அறை வாடகைக்கு மேல், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என நகராட்சி சிறு கட்டணம் வசூலிக்கும், அது முறையானதே.

குவளையும் ஊற்றும்

வந்திறங்கிய பிற்பகலில் செய்ய வேண்டிய முதல் வேலை குவளை வாங்குவது. இவ்வூரின் குவளை பீங்கானால் ஆனது, தட்டையானது, சிறியது. அதன் கைப்பிடியே உள்ளீடற்ற குழலாக இருக்கும். நம் வீடுகளில் குழந்தைக்குப் பாலூட்டும் சங்கின் மூக்கைப் போல, அந்தக் கைப்பிடியின் நுனியில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். இது வெறும் அலங்காரமன்று. சுடுநீர் குழல் வழியே மெதுவாக வருவதால் சற்று ஆறுகிறது. கனிமங்கள் செறிந்த நீர் பற்களில் படாமல் நேரே நாவின் பின்புறம் செல்கிறது. மண்டபங்களை ஒட்டிய கடைகளில் பல வடிவங்களில் கிடைக்கும். பெரிதாக வாங்க வேண்டாம். பெரிய குவளை தேவைக்கு அதிகமாகக் குடிக்கத் தூண்டும்.

இங்குள்ள ஊற்றுகள் அனைத்தும் நிலத்தடியில் ஒரே மூலத்திலிருந்து வருபவை. நீரில் கரைந்துள்ள பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே: லிட்டருக்கு ஆறு கிராமுக்கும் மேற்பட்ட கனிமங்கள், அவற்றுள் முதன்மையானவை சோடியத்தின் பைகார்பனேட், சல்ஃபேட், குளோரைடு உப்புகள். மேலே வரும் வழியில் எவ்வளவு ஆறுகிறது என்பதைப் பொறுத்தே ஊற்றுக்கு ஊற்று வேறுபாடு. குளிர்ந்த ஊற்றில் கரியமில வாயு கூடுதலாகத் தங்கியிருக்கும். சூடான ஊற்றில் குறைவு. சுவை, இளஞ்சூடான உப்புநீரில் இரும்பை நனைத்தது போன்றது. முதல் மிடறு எவருக்கும் பிடிக்காது. இரண்டாம் நாள் நாக்கு பழகிவிடும்.

அடுத்த நாள் காலை, உணவுக்கு முன், ஊரின் வடக்கிலிருந்து தெற்காக, அதாவது ஆற்றின் போக்குக்கு எதிராக நடக்கத் தொடங்குங்கள். முதலில் வருவது பூங்கா மண்டபம். 1880களின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஃபெல்னர், ஹெல்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வார்ப்பிரும்பில் அமைத்த மெல்லிய வேலைப்பாடு. அதன் முனையில் பாம்பின் வாயிலிருந்து வழியும் பாம்பு ஊற்றே இங்குள்ளவற்றில் குளிர்ந்தது, ஏறக்குறைய 30 டிகிரி. புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. அடுத்து மரப்பந்தல் ஒன்றில் சுதந்திர ஊற்று. அதற்கும் அப்பால் ஆலை மண்டபம்.

ஆலை மண்டபத்துக்கு நேரம் கொடுங்கள். பிராகின் தேசிய நாடக அரங்கை வடிவமைத்த யோசஃப் சீட்டெக்கின் படைப்பு இது. 1871 முதல் 1881 வரை கட்டப்பட்டது. 132 மீட்டர் நீளம், 124 தூண்கள், கூரை விளிம்பில் பன்னிரண்டு மாதங்களைக் குறிக்கும் பன்னிரண்டு சிலைகள், உள்ளே ஐந்து ஊற்றுகள். நூற்றுக்கால் மண்டபங்களில் நடந்து பழகிய கால்களுக்குத் தூண்களின் நிழல் வரிசை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இங்கே தூண்களுக்கிடையே நடப்பதுதான் மருந்து. ஓர் ஊற்றில் குவளையின் பாதியை நிரப்புங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சென்று திரும்புவதற்குள் அதை மெதுவாக உறிஞ்சி முடியுங்கள். ஐந்து நிமிடமாவது எடுக்க வேண்டும். ஊற்றின் குழாய் முனையில் குவளையைத் தொடவிடக் கூடாது. ஊற்றில் கையோ குவளையோ கழுவக் கூடாது. அது அங்கே நோயாளிகள் குடிக்கும் மருந்து.

மேலும் தெற்கே, வெண்ணிற மரத்தில் நுண்ணிய பின்னல் வேலைப்பாடுகளுடன் நிற்பது சந்தை மண்டபம். நான்காம் சார்லஸின் பெயர் கொண்ட ஊற்று இங்கே உள்ளது; அதன் மேலுள்ள புடைப்புச் சிற்பம் ஊற்று கண்டறியப்பட்ட கதையைச் சொல்கிறது. அதற்கு எதிரே ஆற்றின் மறுகரையில் ஊரின் உயிர்நாடியான வ்ரீட்லோ ஊற்று. 73 டிகிரி அளவு சூட்டில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் நீரைப் பன்னிரண்டு மீட்டர் உயரம் வரை அது தன் ஆற்றலாலேயே பீய்ச்சுகிறது. அதன் மேல் 19ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட வார்ப்பிரும்பு மண்டபம், 1939இல் உலோகத்துக்காகக் கழற்றி எடுக்கப்பட்டது. இப்போது நிற்பது 1975இல் திறக்கப்பட்ட கண்ணாடியும் கான்கிரீட்டுமான கட்டடம். பலர் இதை அழகற்றதென்று ஒதுக்குவார்கள். பீறிடும் நீரைச் சுற்றி நின்று பார்ப்பதற்கு அகன்ற இடம் தருகிறது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

இந்த நீர் காற்றுப்பட்டு ஆறும்போது கரியமில வாயு வெளியேறி, கனிமங்கள் கல்லாகப் படிகின்றன. தாளில் செய்த ரோஜாவை ஊற்றுநீரில் சில நாட்கள் வைத்துப் பழுப்புநிறக் கல் ரோஜாவாக மாற்றி விற்பதை நீங்கள் கடைகளில் காண்பீர்கள். ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுவருவதில் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம். நீங்கள் திறக்கும்போது வாயு போயிருக்கும், கனிமம் அடியில் படிந்திருக்கும். ஊற்றடியிலேயே குடியுங்கள் என்று டேவிட் பெக்கர் சொன்னது சரியே.

உடல்நலம் குறித்து ஓர் எச்சரிக்கை. இதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது மருத்துவ நீர், தாகத்துக்குக் குடிக்கும் நீரன்று. இதிலுள்ள சோடியம் சல்ஃபேட் பேதியாக்கும் தன்மை உடையது. ஒரே காலையில் எல்லா ஊற்றுகளிலும் குவளை நிறையக் குடித்துவிட்டுப் பேருந்தேறியவர்கள் வழியில் துன்பப்படுவார்கள். சுவைத்துப் பார்க்க வந்தவர்கள் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஊற்றுகளில் சில மிடறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள், உப்பைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் புறப்படுமுன் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. நீரிழிவுக்கு இந்த ஊர் புகழ்பெற்றது என்பதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

சிகிச்சைகளும் குளியலும்

குடிநீர்ச் சிகிச்சை இவ்வூரின் தனிச்சிறப்பு என்றாலும், கனிமநீர்த் தொட்டிக் குளியல், சதுப்பு நிலக் கரிமண் பற்று, உடலைப் பிடித்துவிடும் மசாஜ், இடுப்பு வரை ஒரு பையை மாட்டி அதற்குள் கரியமில வாயுவைச் செலுத்தும் உலர்குளியல் எனப் பலவும் உண்டு. 1906இல் திறக்கப்பட்ட எலிசபெத் குளியல் இல்லத்தில் தனித்தனிச் சிகிச்சைகளை வாங்கலாம். ஓரிரு நாள் முன்பே நேரம் குறித்துக்கொள்வது நல்லது. நீச்சல் குளத்துக்கு நீச்சலுடை தேவை. நீராவி அறைகளில் வழக்கம் வேறு. அங்கே ஆணும் பெண்ணும் ஒரே அறையில், நீச்சலுடை இன்றி, துணியைச் சுற்றிக்கொண்டு அமர்வது செக் நாட்டில் இயல்பு. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால், பெண்களுக்கு மட்டுமான நேரம் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். உள்ளே சென்றபின் சங்கடப்பட வேண்டியதில்லை.

குளிக்காவிட்டாலும் பார்க்க வேண்டிய குளியல் இல்லம் ஒன்று உண்டு. 1895இல் கட்டி முடிக்கப்பட்டு, நீண்ட காலம் பாழாய்க் கிடந்து, 2023இல் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பேரரசர் குளியல் இல்லம் அது. இன்று அது அருங்காட்சியகமாகவும் நிகழ்ச்சி அரங்காகவும் இருக்கிறது. சுவீடன் நாட்டு முறைப்படியான உடற்பயிற்சிப் பொறிகள் நிறைந்திருந்த கூடத்தைப் பார்க்கும்போது, இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களின் பாட்டனார் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

பிற்பகல்கள்

காலை நீரோடும் நடையோடும் போய்விடும். பிற்பகலில் ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வ்ரீட்லோ ஊற்றுக்கு மேலே நிற்கும் தூய மகதலேனா மரியாள் தேவாலயம், 1730களில் கிலியான் இக்னாட்ஸ் டீன்ட்சன்ஹோஃபர் கட்டிய பரோக் பாணிக் கோயில். இருபுறக் கோபுரங்களுக்கு நடுவே முகப்பே அசைவதுபோல் வளைந்திருக்கும். அருகிலுள்ள நகர நாடக அரங்கின் திரையை, பின்னாளில் உலகப்புகழ் பெற்ற குஸ்டாவ் கிளிம்ட் இளம் வயதில், தம் தம்பி எர்ன்ஸ்டோடும் நண்பர் மாட்சோடும் சேர்ந்து தீட்டினார். நாடகத்துக்குச் சீட்டு கிடைத்தால் மொழி புரியாவிட்டாலும் செல்லலாம். திரை இறங்கும் நேரத்துக்காகவே செல்லலாம்.

ஊரின் தென்கோடியிலுள்ள கிராண்ட் ஹோட்டல் பூப்பின் பின்புறத்திலிருந்து 1912 முதல் இயங்கும் இழுவை ரயில் டயானா குன்றுக்கு ஏற்றிச் செல்லும். பழனியின் இழுவை ரயிலைப் போலவே கம்பி வடத்தில் இழுக்கப்படுவது. மேலே போகும்போது ரயிலில் செல்லுங்கள். இறங்கும்போது காட்டுப் பாதையில் நடந்து வாருங்கள். வழியில் 'மான் தாவல்' என்ற பாறை வரும். கதையில் வந்தது மான். ஆனால் அங்கே 1851இல் நிறுவப்பட்ட சிலை மலையாடு. காரணத்தைத் தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊர் முழுவதும் வீடுகளின் சுவர்களில், இங்கே வந்து தங்கிய புகழ்பெற்றவர்களின் பெயர்ப் பலகைகள் உண்டு. ஜெர்மன் கவிஞர் கெத்தே இங்கே பதின்மூன்று முறை வந்திருக்கிறார். 1812இல் இசைமேதை பேத்தோவன் வந்தார். 1835இல் இசையமைப்பாளர் ஷோபன் தம் பெற்றோரை இங்கே சந்தித்ததே அவர்களின் கடைசிச் சந்திப்பாயிற்று. கல்லீரல் நோய்க்காகக் கார்ல் மார்க்ஸ் 1874 முதல் மூன்று கோடைகளில் வந்தார். வியன்னாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுபாஷ் சந்திர போஸ், 1935 கோடையில் உடல் தேற இங்கேதான் வந்து தங்கினார். இவற்றையெல்லாம்விட என் மனத்தில் தங்கியது பாஹின் கதை. 1720இல் தம் இளவரசரோடு கார்ல்ஸ்பாத் வந்த இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹ், வீடு திரும்பியபோது மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. செய்தி அவரை எட்டவே இல்லை. அன்று இவ்வூருக்கு வருவதென்றால் வீட்டிலிருந்து அவ்வளவு தொலைவு.

நான்காவது நாள் உங்களிடம் இருந்தால் வெளியே செல்லலாம். ஒஹ்ர்ஷே ஆறு வளைந்து சூழும் பாறையின் மேல் கோட்டையோடு நிற்கும் லோகெட், பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுதான். நடக்க வல்லவர்கள் ஆற்றோரக் காட்டுப் பாதை வழியே ஒரு பக்கம் நடந்து, மறுபக்கம் பேருந்தில் திரும்பலாம். அமைதியை நாடுவோர் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மரியான்ஸ்கே லாஸ்னி செல்லலாம். அங்கே ஊற்றுகள் குளிர்ந்தவை, மரங்கள் மிகுதி, கூட்டம் குறைவு. வடக்கே மலைமேல் உள்ள யாஹிமோவ் வேறு வகை ஊர். அங்கே வெட்டிய வெள்ளியில் அடித்த நாணயத்தின் பெயரான 'தாலர்' என்பதிலிருந்தே 'டாலர்' என்ற சொல் பிறந்தது. அவ்வூர்ச் சுரங்கத் தாதுவிலிருந்தே மேரி கியூரி 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தார். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

உணவு

சைவ உணவு உண்பவர்கள் திணறத் தேவையில்லை. ஆனால் கேட்டு உண்ண வேண்டும். 'பெஸ் மசா' என்றால் 'இறைச்சி இல்லாமல்' என்று பொருள். வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும், பழம் வைத்த கொழுக்கட்டை போன்ற 'ஓவோட்ஸ்னே க்னெட்லீக்கி'யும் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். உருளைக்கிழங்குச் சூப்பில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்பதால் அதைத் தனியே விசாரியுங்கள். அப்பளத்தைவிட மெல்லிய, வட்டமான 'ஒப்லாட்கி' பிஸ்கட்டை ஊற்றுநீருக்குப் பின் வாய்ச் சுவையை மாற்ற மக்கள் நடந்துகொண்டே கடிப்பார்கள். தெருவோரக் கடையில் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். பதின்மூன்றாவது ஊற்று என்று செல்லமாக அழைக்கப்படும் பெக்கரோவ்கா, 1807 முதல் இங்கே தயாராகும் மூலிகை மதுவகை. 38 விழுக்காடு ஆல்கஹால் உடையது என்பதைப் பெயரின் செல்லத்தில் மறந்துவிடக் கூடாது.

ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையிலேயே பெட்டியைக் கட்டிவிடுங்கள். குவளையைக் கழுவி, துணியில் சுற்றி, கைப்பையில் வையுங்கள். கைப்பிடிக் குழல்தான் முதலில் உடையும். மதுப்புட்டியும் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட எந்த நீர்மமும் சரக்குப் பெட்டிக்குள் செல்ல வேண்டும். ஒப்லாட்கிப் பெட்டி நசுங்காமலிருக்க அதன் மேல் கனமான எதையும் வைக்காதீர்கள். கடைசிக் காலையில் பேருந்துக்கு முன்னால் பெரிய வட்டம் போக நேரம் இராது. பாம்பு ஊற்று வடபகுதியில், பேருந்து நிலையத்துக்குச் செல்லும் பக்கமாகவே இருக்கிறது. அங்கே இரண்டு மிடறு மட்டும் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டேகால் மணி நேரப் பயணத்துக்கு அதற்கு மேல் வேண்டாம்.